கிடா எத்தனை? மேச்சேரிப் பட்டியில் குட்டிகள் சிறுப்பது குறித்து

4 பிப்ரவரி 2023 (வாசகர் ஒருவரின் கேள்வி)

எங்களிடம் மேச்சேரி இனச் செம்மறியில் 60 பெட்டையாடுகள் உள்ளன. இனம் கெட்டுவிடக் கூடாது என்பதற்காக 2015 முதல் வெளிக்கிடா எதையும் பட்டிக்குள் விட்டதில்லை. எங்களிடம் பிறந்த கிடாக்குட்டிகளில் நன்றாக வளர்ந்ததையே பொலிகிடாவாக, அதாவது இனச்சேர்க்கைக்கு விடும் கிடாவாக, நிறுத்தி வருகிறோம். இப்போது இரண்டு கிடாக்கள் இருக்கின்றன. கடந்த மூன்று ஈற்றுகளாகக் குட்டிகள் சிறுத்துப் பிறக்கின்றன. சில பெட்டைகள் சினை பிடிப்பதே இல்லை. தீவனத்தில் குறை வைக்கவில்லை, குடற்புழு மருந்தும் தவறாமல் கொடுக்கிறோம். பெட்டைகளை 120 ஆக்கினால் இரத்தம், அதாவது மரபு வழி, விரியும் என்று ஒருவர் சொல்கிறார். அது சரியா?

5 பிப்ரவரி 2023

சரியில்லை. பெட்டைகளை இரட்டிப்பாக்குவதால் நீங்கள் எதிர்பார்க்கும் பலன் ஏறக்குறைய எதுவுமே கிடைக்காது. ஏன் என்பதைக் கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன்.

ஒரு பட்டியில் எத்தனை ஆடுகள் நிற்கின்றன என்பது வேறு, மரபுவளத்தின் கணக்கில் அது எத்தனை ஆடுகளுக்குச் சமம் என்பது வேறு. இரண்டாவதைப் பயனுறு எண்ணிக்கை என்கிறார்கள். இனச்சேர்க்கையில் பங்கேற்கும் கிடாக்களின் எண்ணிக்கையையும் பெட்டைகளின் எண்ணிக்கையையும் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் அந்த எண் கிடைக்கும். உங்கள் பட்டியில் 2 கிடா, 60 பெட்டை. 480-ஐ 62-ஆல் வகுத்தால் 7.7. நீங்கள் தீனி போடுவது 62 உருப்படிகளுக்கு என்றாலும், மரபின் அகலம் எட்டு ஆடுகளுக்குக்கூட இல்லை. பெட்டைகளை 120 ஆக்கினால் 960-ஐ 122-ஆல் வகுக்க வேண்டும், விடை 7.9. அறுபது பெட்டைகளை விலை கொடுத்து வாங்கி, மேய்ச்சலுக்கு ஆள் கூட்டி, பட்டியை அகலப்படுத்தி நீங்கள் பெறுவது 0.2 மட்டுமே. அதற்குப் பதிலாக மூன்றாவதாக ஒரே ஒரு கிடாவைச் சேர்த்தால் 11.4 ஆகிறது, ஆறு கிடாக்கள் என்றால் 21.8.

இந்த எண் சிறுத்தால், ஒவ்வொரு தலைமுறையிலும் உறவுச் சேர்க்கை (நெருங்கிய உறவுகளுக்குள் இனம் சேர்வது) எவ்வளவு ஏறும் என்பதற்கும் எளிய கணக்கு உண்டு: ஒன்றை, பயனுறு எண்ணிக்கையின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். உங்கள் பட்டிக்கு அது தலைமுறைக்கு 6.5 விழுக்காடு. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு, ஓர் இனத்தின் பயனுறு எண்ணிக்கை 50-க்குக் கீழே போகக் கூடாது என்கிறது; அந்த 50-இல் ஏற்றம் தலைமுறைக்கு 1 விழுக்காடுதான். அந்த வரம்பு ஓர் இனம் முழுமைக்கும் உரியது, தனிப்பட்டிக்கு உரியதன்று. ஆயினும் எட்டாண்டுகளாகக் கதவைச் சாத்தி வைத்த பட்டி தனக்குள் ஒரு சிறிய இனமாகவே ஆகிவிடுகிறது.

5 பிப்ரவரி 2023, இரவு

காலையில் எழுதியதை ஒரு முக்கியமான இடத்தில் திருத்த வேண்டியிருக்கிறது. அந்தக் கணக்கு இரண்டு கிடாக்களும் பெட்டைகளைச் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்வதாகவும், அவற்றுக்குள் உறவே இல்லை என்பதாகவும் வைத்துக்கொள்கிறது. பட்டியில் அப்படி நடப்பதில்லை. பலமுள்ள கிடா மற்றதை முட்டித் தள்ளிவிட்டு, பருவத்துக்கு வந்த பெட்டையைத் தானே அடைகிறது. அதனால் கண்ணுக்கு இரண்டு, கணக்குக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பானது. ஒரு கிடாவுக்கு 60 பெட்டை என்றால் பயனுறு எண்ணிக்கை 3.9, தலைமுறைக்கு ஏற்றம் ஏறக்குறைய 13 விழுக்காடு.

உங்கள் இரண்டு கிடாக்களும் ஒரே தகப்பனுக்குப் பிறந்தவையா? அதை மட்டும் எழுதுங்கள்.

9 பிப்ரவரி 2023

ஆம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் என் கதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் செய்ததைத்தான் நானும் செய்தேன், அதுவும் பெருமையோடு செய்தேன்.

ஓமலூர்ப் பக்கத்தில் எங்களுக்குச் சொந்தமாக மேட்டு நிலம். 2013-இல் ஒரு கிடா எங்கள் பட்டியில் பிறந்தது. நல்ல செம்மண் நிறம், மழமழவென்று மயிர், நீண்ட உடல், மேச்சேரிக்கே உரிய கொம்பில்லாத தலை. செம்பன் என்று பெயர் வைத்தோம். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அதன் முதுகைத் தடவிப் பார்க்காமல் போனதில்லை. அதை ஆறாண்டுகள் பட்டியில் நிறுத்தினேன். அதன் மகள்கள் பருவத்துக்கு வந்தபோதும் அதையே நிறுத்தினேன். தகப்பனும் மகளும் சேர்ந்தால் பிறக்கும் குட்டிக்கு, ஒரே மூலத்திலிருந்து வந்த ஒரே மரபணு இரண்டு பக்கமும் அமையும் வாய்ப்பு 25 விழுக்காடு. தகப்பன் மட்டும் பொதுவான அண்ணன் தங்கை சேர்ந்தால் 12.5 விழுக்காடு. இந்த எண்கள் எதுவும் எனக்கு அப்போது தெரியாது. ஆனால் நோட்டுப் புத்தகத்தில் ஈற்றுக் கணக்கு எழுதும் வழக்கம் மட்டும் இருந்தது.

அந்த நோட்டுதான் என்னைத் திருத்தியது. 2018-ஆம் ஆண்டுப் பக்கத்தில், பிறந்த மூன்று நாளுக்குள் செத்த குட்டிகளுக்கு நேரே சிவப்பு மையில் சுழித்திருந்தேன். ஒரு பக்கத்தில் ஏழு சுழிகள். அவற்றில் ஒரு குட்டி கீழ்த்தாடை குட்டையாகப் பிறந்து, மடியைப் பற்ற முடியாமல் இரண்டாம் நாள் போயிற்று. புட்டியில் பால் கொடுத்துப் பார்த்தும் விழுங்கத் தெரியவில்லை. பனிக்காலம், ஈரம், தாய்க்குப் பாலில்லை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் எழுதி வைத்திருந்தேன். ஒருநாள் தாய்களின் காதுவில்லை எண்களை வரிசையாகப் பார்த்தபோதுதான், ஏழில் ஐந்து தாய்கள் செம்பனின் மகள்கள் என்பது தெரிந்தது. ஐந்துக்கும் தகப்பனே மாப்பிள்ளை.

செம்பனிடம் குறையே இல்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நல்ல கிடாவிடமும் மறைந்திருக்கும் கெட்ட மரபணு ஒன்றிரண்டு இருக்கும். வேறு இரத்தத்தோடு சேரும்போது அது வெளியே தெரியாது. சொந்த மகளோடு சேரும்போது மறைப்பதற்கு ஆள் இல்லாமல் போகிறது.

17 பிப்ரவரி 2023

"அப்படியென்றால் சந்தையில் ஒரு கிடா வாங்கிவிட்டால் முடிந்ததா?" என்று கேட்டிருக்கிறார்கள். முடிந்துவிடாது, அதிலும் நான் தவறியிருக்கிறேன்.

செம்பனைக் கழித்த பிறகு, அவசரத்தில் ஒரு வியாபாரியிடம் கிடா வாங்கினேன். நிறமும் உயரமும் மேச்சேரி போலவே இருந்தன. தலையில் விரல் நுனி அளவுக்கு இரண்டு முண்டுகள் இருந்ததைத் தடவிப் பார்த்தேன். முட்டி முட்டிக் காய்த்துப் போனவை என்று நானே சமாதானம் செய்துகொண்டேன். அடுத்த ஈற்றில் பிறந்த கிடாக்குட்டிகளில் இரண்டுக்கு நான்காம் மாதத்தில் கொம்புக் குருத்து முளைத்தது. மேச்சேரியில் கிடாவுக்கும் கொம்பில்லை, பெட்டைக்கும் கொம்பில்லை. சென்னைச் சிவப்பு இனத்தின் கிடாக்களுக்கு முறுக்கிய கொம்பு உண்டு. நிறத்தில் இரண்டும் மயக்கும். எந்தப் பட்டியில் பிறந்தது, தாய் எது, தகப்பன் எது என்று கேட்காமல் வாங்கிய குற்றம் என்னுடையது. அந்த ஓராண்டுக் குட்டிகளை எல்லாம் இறைச்சிக்கே விற்றேன்.

ஆகவே இரண்டு பக்கமும் பள்ளம் இருக்கிறது. கதவைச் சாத்தினால் உறவுச் சேர்க்கை; கண்ணை மூடிக்கொண்டு கதவைத் திறந்தால் இனக்கலப்பு. நமக்கு வேண்டியது அதே இனத்தில், உறவில்லாத வேறு பட்டியின் கிடா. பொட்டனேரியில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மேச்சேரி செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வம்சாவளி எழுதிய கிடா வேண்டுவோர் முதலில் அங்கே கேட்டுப் பார்க்கலாம். இல்லையென்றால் மேச்சேரி, தாரமங்கலம், எடப்பாடி, பவானி வட்டாரத்தில் பழைய பட்டிக்காரர்களை நேரில் போய்ப் பார்த்து, தாயாட்டையும் உடன்பிறந்த குட்டிகளையும் கண்ணால் கண்டு வாங்க வேண்டும்.

2 மார்ச் 2023

பெருவிடை என்னும் பெரிய நாட்டுக்கோழிச் சேவல் வளர்க்கும் அன்பர் ஒருவர் கடுமையாக மறுத்து எழுதியிருக்கிறார். தாயோடு மகனைச் சேர்த்துத்தான் தங்கள் ஊரில் ஒரு கட்டின் (ஒரே வழிவந்த கோழிகளின்) குணத்தை நிலைநிறுத்துகிறார்கள், அதில் எந்தக் கேடும் வரவில்லை என்கிறார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. உறவுச் சேர்க்கை கெட்டதை மட்டும் வெளிக்கொண்டு வருவதில்லை. நல்லதையும் ஒருசீராக்கி நிறுத்துகிறது. பழைய கோழிக்காரர்கள் அதைத் தெரிந்தே செய்தார்கள். ஆனால் அவர்கள் செய்த மற்ற இரண்டு காரியங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு ஈட்டில் பிறந்த குஞ்சுகளில் பெரும்பாலானவற்றைக் கழித்துவிட்டு ஒன்றிரண்டையே அடுத்த தலைமுறைக்கு விட்டார்கள். ஒரே வீட்டில் ஒரே கட்டை வைத்துக்கொண்டாலும், ஊர் முழுவதும் பார்த்தால் பல கட்டுகள் இருந்தன, தளர்ச்சி கண்டபோது வேறு வீட்டுச் சேவலை மாற்றிக்கொண்டார்கள். கோழி ஆண்டுக்குப் பல முட்டையிடும், கழிக்க முடியும். ஓர் ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரே குட்டி போடும் மேச்சேரிப் பெட்டையிடம் அந்த முறையைக் கொண்டுவந்தால், கழித்தது போகப் பட்டியில் ஒன்றும் மிஞ்சாது.

கோழியைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். என் தாயார் சிறுவிடை என்னும் சிறிய நாட்டுக்கோழி வளர்த்தார். ஒரு பழைய மூங்கில் கூடையில் தவிட்டைப் பரப்பி, அதன்மேல் வைக்கோல் போட்டு, பதினொன்றோ பதின்மூன்றோ முட்டை வைப்பார். கோழி உட்கார்ந்த பிறகு கையை அருகே கொண்டுபோனால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொத்தும். இருபத்தோராம் நாள் வரை தண்ணீருக்கும் இரைக்கும் தவிர எழுந்திருக்காது. பத்தாண்டுகளுக்கு முன்பு எங்கள் தெருவுக்குச் சலுகை விலையில் பண்ணைக் குஞ்சுகள் வந்தன. அவை அதிக முட்டையிட்டன, உண்மைதான். ஆனால் அந்தச் சேவல்கள் தெருக்கோழிகளோடு சேர்ந்த மூன்றாம் ஆண்டில், அடை உட்காரும் கோழியைத் தேடித் தெருத் தெருவாகப் போகும் நிலை வந்தது. அடைகாக்கும் குணத்தை நாங்கள் யாரும் ஒரு செல்வமாக நினைத்ததில்லை. அது எல்லாக் கோழிக்கும் இருப்பது என்றே நினைத்திருந்தோம்.

3 மார்ச் 2023

மறைந்திருக்கும் கெட்ட மரபணு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்றை நேற்றே எழுதியிருக்க வேண்டும். 1962-இல் அமெரிக்காவில் சீஃப் என்ற ஹோல்ஸ்டீன் கறவை இனக் காளை பிறந்தது. பாலைப் பெருக்குவதில் அதற்கு இணை அரிது என்பதால் அதன் விந்து உலகெங்கும் போயிற்று. கருவை வயிற்றிலேயே அழித்துவிடும் ஒரு மரபணுப் பிழையும் அதனோடு போயிற்று. தகப்பன் வழியிலும் தாய் வழியிலும் அதே பிழை வந்து சேர்ந்த கருக்கள் கலைந்தன. அப்படி இழந்தவை உலக அளவில் ஏறக்குறைய 5 இலட்சம் என்று பின்னாளில் கணக்கிட்டார்கள். கலைந்தது ஏன் என்று எந்தத் தொழுவத்துக்காரருக்கும் தெரிந்திருக்காது. சினை தங்கவில்லை என்றுதான் எழுதி வைத்திருப்பார்கள், உங்கள் கேள்வியில் நீங்கள் எழுதியது போலவே.

சீஃபால் பால் உற்பத்தி கூடியதும் உண்மை. அந்தக் காளையைப் பயன்படுத்தியது தவறன்று; அதை அளவுக்கு மீறிப் பயன்படுத்தியதுதான் தவறு.

20 மார்ச் 2023

மாட்டுக்காரர்கள் இருவர் கேட்டதால் இதை விரிவாக எழுதுகிறேன். ஆட்டுக்குச் சொன்ன கிடாக் கணக்குதான் மாட்டுக்குக் காளைக் கணக்கு.

2019-இல் எடுத்த 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மாடுகள் 19.25 கோடி. 2012-இல் 19.09 கோடி. மேலோட்டமாகப் பார்த்தால் சற்றே கூடியிருக்கிறது. ஆனால் பசுவையும் காளை எருதுகளையும் பிரித்துப் பாருங்கள். பெண் இனம் 12.3 கோடியிலிருந்து 14.5 கோடியாக ஏறியிருக்கிறது. ஆண் இனம் 6.8 கோடியிலிருந்து 4.7 கோடியாக இறங்கியிருக்கிறது. ஏழாண்டில் ஆண் மாடுகளில் ஏறக்குறைய 30 விழுக்காடு இல்லாமல் போய்விட்டன. உழவுக்கு டிராக்டர் வந்தது, வண்டிக்குச் சரக்கு வேன் வந்தது, சினைக்கு ஊசி வந்தது. காளைக்கன்றை வைத்துக்கொள்ள வீட்டில் காரணம் இல்லாமல் போனது.

காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர், புலிக்குளம், ஆலம்பாடி என்று நம்முடைய மாட்டினங்கள் எல்லாமே வேலைக்கென்று வளர்ந்தவை. அவற்றின் மதிப்பே காளையிலும் எருதிலும்தான் இருந்தது. காங்கேயத்தில் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி முள்கிளுவை வேலி போட்டு, உள்ளே கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேலும் வளர்த்தவர்கள் காளைக்கு மதிப்பு இருந்ததால்தான் அந்த நிலத்தை உழாமல் விட்டு வைத்தார்கள். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் அந்த இனத்தைச் செம்மைப்படுத்திய பெயரைப் பெற்றதும் காளைத் தேர்வினால்தான். ஊர்ப் பொதுவில் கோயில் காளை நின்ற காலத்தில் ஒவ்வோர் ஊருக்கும் வேறு காளை; பத்து ஊருக்குப் பத்து இரத்தம். ஏழை வீட்டுப் பசுவுக்கும் காசில்லாமல் சினை.

புலிக்குளம் கிடைமாடுகளின் (மந்தையாக ஓட்டிப்போய் வயல்களில் அடைக்கும் மாடுகளின்) கதையும் இதுவே. 2014 மே மாதம் உச்சநீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடுத்தபோதும், 2017 சனவரியில் சட்டத்திருத்தம் வந்தபோதும், நாம் பேசிய பேச்சில் பெரும்பகுதி வீரத்தையும் மாட்டின் வலியையும் பற்றியதாகவே இருந்தது. எனக்கு அப்போது வேறொரு கவலை இருந்தது. கிடைக்காரரிடம் காளைக்கன்றுக்கு விலை வைத்து வாங்கும் ஒரே ஆள் வாடிவாசலுக்காக வளர்ப்பவர்தான். அவர் வராவிட்டால் அந்தக் கன்று நேரே இறைச்சி லாரிக்குப் போகும்.

21 மார்ச் 2023

நேற்று எழுதியதில் இரண்டு இடங்களில் நிதானம் தவறிவிட்டேன். ஒன்று: அந்த 4.7 கோடி ஆண் மாடுகளில் பெரும்பகுதி காயடித்த எருதுகளும் கன்றுகளும்தான். அவை எண்ணிக்கையில் இருந்தாலும் மரபில் பங்கேற்பதில்லை. ஆகவே அந்த வீழ்ச்சியை அப்படியே பொலிகாளைகளின் வீழ்ச்சி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் சொல்ல வந்தது, பத்துக் கன்றுகளை வளர்த்தால்தான் அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பொலிகாளையாக விட முடியும், வளர்க்கும் கன்றே இரண்டாகிவிட்டால் தேர்வு என்ற சொல்லுக்குப் பொருள் இல்லை என்பதுதான்.

இரண்டு: வாடிவாசல் காளை ஒன்று பெயர் பெற்றுவிட்டால் சுற்றுவட்டாரம் முழுவதும் அந்தக் காளைக்கே பசுவை ஓட்டிக்கொண்டு போகிறது. அது சீஃபின் கதையைச் சிறிய அளவில் திரும்பச் செய்வதாகும். ஆகவே ஜல்லிக்கட்டு இருந்தால் மட்டும் மரபுவளம் தானாகக் காப்பாற்றப்பட்டுவிடும் என்று நான் சொன்னதாகக் கொள்ள வேண்டாம். காளைகள் இருக்க அது வழிசெய்கிறது. அவற்றைப் பரவலாகப் பயன்படுத்துவது நம் கையில் இருக்கிறது.

11 ஏப்ரல் 2023

"விந்துக்குச்சியை உறைய வைத்துவிட்டால் போதாதா, உயிருள்ள காளைக்கும் சேவலுக்கும் ஏன் இவ்வளவு பாடு?" என்ற கேள்வி நியாயமானது. திரவ நைட்ரஜனில், உறைநிலைக்குக் கீழே 196 பாகையில், காளையின் விந்து பல பத்தாண்டுகள் கெடாமல் இருக்கும். கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவளப் பணியகம் நாட்டினங்களின் விந்தை அப்படிச் சேமித்து வருகிறது. அது மிகவும் வேண்டிய காரியம், ஒரு கொள்ளைநோயில் மந்தை அழிந்தாலும் திரும்பக் கட்டுவதற்கு வழி இருக்கும்.

ஆனால் கோழிக்கு அந்த வழி பாதிதான் திறந்திருக்கிறது. சேவலின் விந்து உறைந்து உருகிய பின் கருக்கூட்டும் திறனைப் பெரிதும் இழந்துவிடுகிறது. மஞ்சள் கரு நிறைந்த முட்டையை உறைய வைக்கவே முடியாது. அதற்கும் மேலாக ஒன்று உண்டு. நம்மிடத்தில் ஆணுக்குத்தான் இரு வேறு பால் குரோமோசோம்கள். பறவைகளில் அது பெட்டைக்கு. பெட்டைக்கே உரிய அந்தக் குரோமோசோம் சேவலின் விந்தில் இருப்பதே இல்லை. எனவே சேவலின் விந்தை எவ்வளவு சேமித்தாலும், சிறுவிடைப் பெட்டையை முழுமையாகத் திரும்பப் பெற முடியாது. கோழியை உயிரோடு, முற்றத்தில், அடைக்கூடையோடு வைத்திருந்துதான் காப்பாற்ற வேண்டும்.

உறைய வைத்திருப்பது இன்றைய மாடு என்பதையும் மறக்கக் கூடாது. நாளைய வறட்சிக்கும் நாளைய உண்ணிக்கும் பழகுவது மேய்ச்சலில் நிற்கும் மாடுதான்.

28 மே 2023

கேள்வி கேட்டவரும், தாரமங்கலம் பக்கத்து நண்பர் ஒருவரும், நானும் நேரில் சந்தித்துப் பேசி முடித்துவிட்டோம். மூன்று பட்டிகள், மூன்று வெவ்வேறு இரத்தம். என் பட்டியில் பிறக்கும் கிடாக்குட்டி எப்போதும் தாரமங்கலத்துக்குப் போகும். தாரமங்கலத்துக் கிடா கேள்வி கேட்டவரின் பட்டிக்கு. அவருடைய கிடா எனக்கு. ஒன்றரை ஆண்டு நின்றதும், அதன் மகள்கள் பருவத்துக்கு வருமுன் கிடா மாறிவிடும். பெட்டைக்குட்டிகள் பிறந்த பட்டியிலேயே இருக்கும். திசையை ஒருபோதும் மாற்றக் கூடாது என்பதுதான் இதன் உயிர். நடுவில் ஒருவர் "உங்கள் கிடாவே நன்றாக இருக்கிறது, இன்னொரு முறை கொடுங்கள்" என்று கேட்டுவிட்டால் சுழற்சி அறுந்துவிடும். ஒவ்வொரு பட்டியிலும் இனி மூன்று கிடாக்கள் நிற்கும். பெட்டைகளை மூன்று பிரிவாக்கி, பருவகாலத்தில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு கிடாவைத் தனித்தனியே விடப்போகிறோம். முட்டித் தள்ளும் சிக்கலுக்கு இதைவிட எளிய தீர்வு எனக்குத் தெரியவில்லை.

மூன்று பட்டி போதாது என்பதும் தெரியும். சில சுற்று கழிந்ததும் மூன்றும் உறவாகிவிடும். நான்காவது, ஐந்தாவது பட்டிக்காரர்கள் சேர விரும்பினால் எழுதுங்கள். ஒரே ஒரு நிபந்தனை, ஈற்று நோட்டு வைத்திருக்க வேண்டும்.

30 மே 2023

மருத்துவர் ஒருவர் சரியாகவே கண்டித்திருக்கிறார். கிடாவோடு நோயும் சுழலும் என்பதை நான் எழுதவில்லை. வருகிற கிடாவை 30 நாள் தனிக் கொட்டிலில், தனித் தொட்டியில் தண்ணீர் வைத்து நிறுத்த வேண்டும். ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். கருச்சிதைவை உண்டாக்கும் புரூசெல்லாவுக்கு இரத்தப் பரிசோதனை செய்யாமல் எந்தக் கிடாவையும் பெட்டையோடு விடக் கூடாது.

19 டிசம்பர் 2023

கேள்வி கேட்ட நண்பரின் பட்டியில் புதுக் கிடாக்கள் ஜூலையில் இறங்கின. ஐந்து மாதச் சினை முடிந்து இப்போது முதல் ஈற்று. இதுவரை 31 குட்டிகள். ஒன்று செத்துப் பிறந்தது, ஒன்றை நாய் கடித்தது, மற்றவை பிறந்த அரைமணிக்குள் எழுந்து நின்று மடியைத் தேடியதாக எழுதியிருக்கிறார். தராசுக் கொக்கியில் சாக்கைக் கட்டிக் குட்டியை எடை போட்டு ஒவ்வொன்றுக்கும் நேரே குறித்த பக்கத்தைப் படமெடுத்தும் அனுப்பினார். போன ஆண்டு இரண்டு கிலோவைத் தொடாத குட்டிகளே அதிகம். இந்த முறை பெரும்பாலானவை இரண்டேகாலைத் தாண்டியிருக்கின்றன.

எனக்கு மகிழ்ச்சிதான். ஆயினும் அவரிடம் ஒன்று சொன்னேன், இங்கும் சொல்கிறேன். இந்த ஆண்டு பசும்புல் போன ஆண்டைவிட நீண்ட நாள் நின்றது. எடையில் எவ்வளவு புதுக் கிடாவால், எவ்வளவு புல்லால் என்று ஓர் ஈற்றை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. அதுவும் தவிர, மூடிய பட்டிக்குள் வேறு இரத்தம் நுழையும் முதல் தலைமுறையில் பெரும்பாலும் ஒரு துள்ளல் இருக்கும். முன்பு சினை பிடிக்காமல் நின்ற ஒன்பது பெட்டைகளில் எத்தனை இப்போது சினை என்பதை எழுதச் சொல்லியிருக்கிறேன். எனக்கு எடையைவிட அந்த எண்தான் வேண்டும். எடப்பாடியிலிருந்து நான்காவது பட்டிக்காரர் நேற்று தம் நோட்டோடு வந்து போனார். பதினோராண்டு ஈற்றுக் கணக்கு அதில் இருக்கிறது. தை பிறந்ததும் அவருடைய கிடா ஒன்று என் தனிக் கொட்டிலுக்கு வருகிறது.